ஒரு சிப்பாயின் பெயரில்

நியூயார்க்கின் ஹார்லத்தில், 136ஆம் தெருவுக்கும் 137ஆம் தெருவுக்கும் நடுவே, செயின்ட் நிக்கோலஸ் அவென்யூவை ஒட்டி ஒரு முக்கோணத் துண்டு நிலம் இருக்கிறது. சில மரங்கள், அவற்றின் நிழல், அவ்வளவுதான். எதிரே செயின்ட் நிக்கோலஸ் பூங்கா மேட்டில் பரந்து கிடப்பதால் இந்தத் துண்டு கண்ணில் படுவதே அரிது. பெயர், டோரன்ஸ் புரூக்ஸ் சதுக்கம். 1925இல் சூட்டியது. கறுப்பினப் படைவீரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய நியூயார்க்கின் முதல் பொதுச் சதுக்கம் இதுதான்.

அந்த ஊரில் தளபதிகள் குதிரைமேல் சிலையாக நிற்கிறார்கள். புரூக்ஸ் தளபதி அல்ல என்பதுதான் என்னை இங்கே நிறுத்தியது. ஹார்லத்து இளைஞர், சாதாரணச் சிப்பாய். அதிகாரிகள் வீழ்ந்தபின் எஞ்சிய தோழர்களைத் தானே முன்னின்று நடத்தியவர். முதல் உலகப் போரில், 1918இல் பிரான்சில் மடிந்தார்.

அவருடைய 369ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டை 'ஹார்லம் ஹெல்ஃபைட்டர்ஸ்' என்பார்கள். வெள்ளையருக்கு ஒரு படை, கறுப்பருக்கு ஒரு படை என்று அமெரிக்க ராணுவம் பிரித்து வைத்திருந்த காலம். சண்டையிடப் போனவர்களுக்குப் பிரான்சில் முதலில் கிடைத்தது கப்பல் சரக்கு இறக்கும் வேலை. பிறகு அவர்களைப் பிரெஞ்சுப் படையோடு சேர்த்துவிட்டார்கள். பிரெஞ்சுத் துப்பாக்கி, பிரெஞ்சு ஹெல்மெட், 191 நாள் போர்முனை. பிரான்ஸ் அந்த ரெஜிமென்ட் முழுமைக்கும் 'குவா த கெர்' விருது தந்தது. அதே ரெஜிமென்ட்டின் ஹென்றி ஜான்சன், 1918 மே மாதத்து இரவொன்றில், உடலெல்லாம் காயத்தோடு கத்தியால் போராடித் தோழனைக் காப்பாற்றினார். பிரான்ஸ் அவரை உடனே கௌரவித்தது. அவர் 1929இல் இறந்தார்; அவருடைய சொந்த நாடு தன் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைத் தந்தது 2015இல். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

1919 பிப்ரவரி 17 அன்று ஐந்தாம் அவென்யூ வழியே ஹார்லம் வரை அவர்கள் அணிவகுத்து வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. அந்தக் கோடையிலேயே பல நகரங்களில் கறுப்பர்கள் வெறிக்கும்பல்களுக்குப் பலியானார்கள். போருக்குப் போய்த் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அதனால்தான் இந்தச் சதுக்கம் மலர்வளையம் வைக்கும் இடமாக மட்டும் இருந்துவிடவில்லை. உரிமை கேட்ட கூட்டங்கள் பல இங்கே நடந்தன. 1948 ஜூலையில் ராணுவத்தில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்த அதிபர் ட்ரூமன், அக்டோபர் 29 அன்று இங்கே வந்து குடிமை உரிமைகள் பற்றிப் பேசினார். தேர்தலுக்கு நான்கே நாள் இருந்தது. வாக்குக் கேட்கத்தான் வந்தார். ஆனாலும், புரூக்ஸ் இறந்து 30 ஆண்டு கழித்து, ஓர் அதிபர் அவர் பெயருள்ள மண்ணில் நின்று அதைப் பேச வேண்டியிருந்தது என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஹார்லம் போகிறவர்கள் அப்பல்லோ தியேட்டரைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். 135ஆம் தெரு சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது இந்தச் சதுக்கம். சற்று நேரம் நின்று, அந்தச் சிப்பாயின் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.