சம்பளமில்லா உத்தியோகம்

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்திருந்தார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்றவர். ஊர் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால். அரச நியமனத்துக்குக் காத்திருக்குமாறு தாயார் சொல்கிறாராம். மகனுக்கோ மனம் எழுத்தில். "எந்தப் பத்திரிகையிலும் சேராமல், எழுத்தை மட்டும் நம்பிச் சீவிக்க முடியுமா சேர்?" என்று கேட்டார்.

தாயாரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2017ஆம் ஆண்டு வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு நகரில் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததைப் பார்த்தவர்கள் நாம். பட்டம் சோறு போடாத ஊரில் எழுத்து போடுமா என்பது நியாயமான கேள்விதான்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் நானும் அவ்வாறே தொடங்கினேன். ஒரு நாளேட்டின் பிரதேச நிருபர் என்பது பெயர். நியமனக் கடிதம் கிடையாது. அச்சில் வரும் வரிகளை எண்ணித்தான் பணம். மாத முடிவில் என் செய்திகளைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, திகதியிட்டுக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். வெட்டிய துண்டு தொலைந்தால் கூலியும் தொலைந்தது. மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன்னர் படுவான்கரைக்குச் செல்ல, எங்களூரார் 'பாதை' என்றழைக்கும் மிதவைக்காக வாவிக்கரையில் காத்து நிற்க வேண்டும். ஒரு செய்திக்காக வாவியைக் கடந்து மீளும் செலவு, அச்செய்தி தரும் கூலியைவிட அதிகமாக இருந்த நாட்கள் உண்டு.

நான்கு ஆண்டுகளில் களைத்துப்போனேன். கொழும்பில் ஆசிரியபீடத்தில் இடம் கிடைத்தபோது மறுசிந்தனையின்றிப் போய்ச் சேர்ந்தேன். அதன் பின்னர் செய்த ஒன்றை இதுவரை எழுதியதில்லை. பக்கத்தில் இடமில்லாத இரவுகளில் கிழக்கிலிருந்து வந்த இருபது வரிகளை ஆறாகக் குறைத்தவன் நானே. இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டேன். ஒரு வீட்டின் அரிசியைக் குறைக்கிறேன் என்பது, அந்தக் கூலியில் வாழ்ந்திருந்த எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தேதான் வெட்டினேன். மாதச் சம்பளம் மனிதனை எவ்வளவு விரைவில் மறதிக்காரனாக்குகிறது!

எனவே, அந்த இளைஞருக்கு என் வாழ்க்கையை உதாரணமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மட்டக்களப்பின் இன்னொருவரைப் பற்றிச் சொன்னேன். தர்மரட்ணம் சிவராம் 1959இல் மட்டக்களப்பில் பிறந்தவர். புனித மைக்கேல் கல்லூரி மாணவர். பேராதனைப் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெறாமலே வெளியேறியவர். புளொட் இயக்கத்தில் இருந்தவர். 1989இல் 'தி ஐலண்ட்' ஆங்கிலப் பத்திரிகையில் 'தராகி' என்ற புனைபெயரில் பத்தி எழுதத் தொடங்கினார். அவருடைய அரசியலை ஏற்பவர்களும் உளர், கடுமையாக மறுப்பவர்களும் உளர். நான் இங்கு பேசுவது அவர் தொழில் செய்த முறையைப் பற்றி மட்டுமே.

அவரிடம் இருந்த மூலதனம் என்ன? வடகிழக்கின் போராட்டத்தை உள்ளிருந்து அறிந்த அறிவு. இராணுவ வியூகம், வரலாறு, மானிடவியல் என்று விரிந்த வாசிப்பு. அவற்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்லும் ஆற்றல். கொழும்பின் ஆசிரியபீடங்களில் அன்று இவை மூன்றும் ஒருங்கே வாய்த்தவர் அரிது. தமிழ் அரசியலோடு உடன்பாடில்லாத தென்னிலங்கை வாசகர்களும் அந்தப் பத்தியைத் தேடிப் படித்தனர். அவர் ஒரே வாசலில் நின்றுவிடவும் இல்லை. 1992இல் 'லங்கா கார்டியன்' சஞ்சிகையில் தமிழர் இராணுவ மரபு பற்றித் தொடர் எழுதினார். பின்னர் வேறு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் தமிழ் ஏடுகளிலும் எழுதினார். ஒரு கதவு அடைபட்டால் இன்னொன்று திறந்திருந்தது. சுயாதீன எழுத்தாளனின் வெற்றி என்பது இதுதான் என்று நினைக்கிறேன்: தனக்கென ஒரு வயல், அதன் விளைச்சலுக்குப் பல சந்தை.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 'தமிழ்நெற்' இணையத்தளத்தின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றபோது, பிரதேசச் செய்தியாளர்களின் வலையமைப்பை அதற்கு அடித்தளமாக்கினார். நாங்கள் ஆறு வரியாகச் சுருக்கிய ஊர்களின் செய்தி, இடமும் நேரமும் பெயரும் பிசகாமல் ஆங்கிலத்தில் உலகெங்கும் சென்றது. தலைநகரத்து மேசைக்குக் காத்திராமல் மட்டக்களப்பிலிருந்தே எழுதலாம் என்று அது காட்டியது.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது அந்த இளைஞருக்குச் செய்யும் துரோகமாகும். வீரகேசரியின் மட்டக்களப்புச் செய்தியாளராகப் பல்லாண்டு பணியாற்றியவர் ஐயாத்துரை நடேசன். யாழ்ப்பாணத்தில் பிறந்து எங்கள் மண்ணில் வேரூன்றியவர். 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓராண்டு நிறைவதற்குள், 2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு, கொழும்பு பம்பலப்பிட்டியில் சிவராம் கடத்தப்பட்டார். மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் அவரது உடல் கிடைத்தது. வயது 45. இவ்விரு கொலைகளுக்காகவும் இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

சுயாதீனம் என்பது அழகான சொல். எவருக்கும் கட்டுப்படாதவன் என்பது அதன் பொருள். தனக்குப் பின்னால் எவரும் இல்லாதவன் என்ற பொருளும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இளைஞர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். "அப்படியென்றால் வேண்டாம் என்கிறீர்களா, சேர்?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் என்ன தொழில் என்று கேட்டேன். மாடு வளர்க்கிறார்களாம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் சிறுவயதிலிருந்தே போய்வந்தவராம். அந்த மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் போராட்டம் தொடங்கியபோது அதுபற்றி எழுதியவர்களில் எத்தனை பேருக்கு ஒரு பசு நாளைக்கு எவ்வளவு பால் கறக்கும் என்று தெரிந்திருக்கும்? அவருக்குத் தெரியும்; கோடையில் நீர் எங்கே கிடைக்கும் என்பதும் தெரியும்.

"அதுதான் உமது வயல், தம்பி. அதை உம்மைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இருக்கக்கூடாது. தமிழில் எழுதும், ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் விடாமல் படியும். ஒரே பத்திரிகையை நம்பாதையும். என்ன எழுதினீர், எப்போது அனுப்பினீர், எவ்வளவு வரவேண்டும் என்று கொப்பியில் குறித்து வையும். முதல் இரண்டு வருடங்களுக்கு மாட்டை விற்காதையும். எங்கே போனாலும் போகுமிடத்தை இருவருக்காவது சொல்லிவிட்டுப் போம். உம்மைப் போல நாலுபேரைச் சேர்த்துக்கொள்ளும். தனியே நிற்க வேண்டாம்."

அவர் சிரித்தார். "அம்மாவிடம் என்ன சொல்லட்டும்?"

அதற்கு என்னிடம் நல்ல விடை இருக்கவில்லை. எழுதிக் கொண்டுவந்திருந்த கட்டுரையைத் தந்துவிட்டுப் புறப்பட்டார். பால் விலை பற்றி நான்கு பக்கம். அன்றிரவு பேனையை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். ஒரு வரியைக்கூட வெட்டவில்லை.