அறுந்த இழை
ஆரணியில் என் எதிர்வீட்டுத் தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. பிணைத்துவிட்டு மேலே நெய்கிறார். எச்.ஐ.வி. கண்டவன் போதை ஊசி போடுகிறவனாகவும் இருந்துவிட்டால் மட்டும், “முதலில் அந்தச் சனியனை விட்டொழி, பிறகு மருந்துக்கு வா” என்கிறோம்.

இந்தியாவில் அக்கிருமியை டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் முதலில் கண்டது சென்னையில், 1986-ல். தாம்பரம் அரசு மருத்துவமனையில் இலவச மாத்திரை வந்தது 2004-ல். தினமும் விழுங்க வேண்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்தையே ஏய்க்கக் கற்றுவிடும். போதைக்குத் தவிக்கிறவனுக்கு நாளேது, கிழமையேது? ஆனால் அந்தத் தவிப்பை அடக்க நாக்கின் கீழ் வைக்கும் புப்ரெனார்ஃபினுக்கு அவனே தினமும் தேடி வருகிறான். அந்த ஜன்னலிலேயே இதையும் கொடுத்தால் என்ன? நான்கு நாள் காணாமற்போய் வருகிறவனை அதட்டாமல், “வாப்பா, உட்கார்” என்று சொல்ல அங்கே ஒருவர் வேண்டும்.