ஐந்து ஆறுகளைத் தாண்டும் சாலை

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான். இந்தச் சிறிய தூரத்துக்குள் ஐந்து ஆற்றுப் பாலங்கள் வருகின்றன. கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, அடுத்து வெட்டாறு, கண்டியூரைத் தாண்டினால் குடமுருட்டி, கடைசியில் காவிரி.

ஐந்தும் ஒரே தண்ணீர்தான். கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து வடவாறும் வெட்டாறும், காவிரியிலிருந்து குடமுருட்டியும் பிரிகின்றன. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் ஆண்டுகளில், சில நாட்களில் ஐந்து பாலங்களின் அடியிலும் புதுத்தண்ணீர் ஓடும். பேருந்தில் போகிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

டெல்டாவில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. ஆறுகளும் வாய்க்கால்களும் அப்படியே ஓடுகின்றன. ஆற்றங்கரைச் சாலைகள் தண்ணீரோடு சேர்ந்து போகின்றன. இந்தச் சாலையோ தெற்கு வடக்காக, தண்ணீருக்குக் குறுக்கே போகிறது. வயலுக்கு அது ஒரு நீண்ட வரப்பு மாதிரி. ஐந்து பெரிய பாலங்கள் ஆற்றுக்கு வழிவிடும். வயல் தண்ணீருக்கு வழிவிடுவது சாலைக்கு அடியில் இருக்கும் சின்னச் சின்ன மதகுகள்தான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது தெரிந்துவிடும். ஒரு மதகில் ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்தால், மேற்கே இளம் சம்பாப் பயிர் நாள்கணக்கில் மூழ்கி அழுகும். கிழக்கே உள்ள வயலில் தண்ணீர் வடிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் சாலையின் அகலம்தான்.

இந்தப் பகுதியில் புறவழிச்சாலைக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து 2022இல் விவசாயிகள் போராடினார்கள். புதுச்சாலை எங்கு வந்தாலும், இழக்கும் நிலத்தோடு அடைபடும் வடிகாலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மதகின் தளம் வாய்க்காலின் அடிமட்டத்தைவிட உயர்ந்துவிட்டால், மதகு இருந்தும் தண்ணீர் முழுவதும் வடியாது. வேலை நடக்கும்போதே மட்டம் பார்ப்பது நல்லது; தார் போட்ட பிறகு திருத்துவது கடினம்.

புரட்டாசியிலேயே ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து சாலையோரம் நடந்து, ஒவ்வொரு மதகையும் குனிந்து பார்க்கலாம். அடைப்பு இருந்தால் ஊர்ப் பெயர், வாய்க்கால் பெயர், சர்வே எண் எழுதி, மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். மழை தொடங்கிய பிறகு கொடுக்கும் மனு பயிரைக் காப்பாற்றாது.