எழுதாமல் விட்ட நான்கு மாதம்

2011இல் அபிராட்டெரோன் என்ற மாத்திரையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் அது சாவைத் தள்ளிப்போடுகிறது என்றேன். எவ்வளவு என்று எழுதவில்லை. ஆய்வறிக்கை மேசைமேல்தான் இருந்தது, தெரிந்தேதான் விட்டேன்.

மற்றதையெல்லாம் விரிவாகவே சொல்லியிருந்தேன். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று அடங்கும் என்று 1941இல் மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டியது, கொஞ்ச காலம் அடங்கியிருந்து அது மறுபடி தலைதூக்குவது, அப்போது அட்ரீனல் சுரப்பியிலும் கட்டிக்குள்ளேயும் ஊறும் ஹார்மோனை இந்த மாத்திரை தடுப்பது, எல்லாம்.

ஆய்வில் 1195 பேர். டோசிடாக்சல் கீமோதெரபியையும் பார்த்துவிட்டு வந்தவர்கள். 797 பேருக்கு மருந்து, 398 பேருக்கு வெற்று மாத்திரை. பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எல்லோருக்கும் உண்டு. முதலில் வெளியான முடிவின்படி, மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 14.8 மாதத்தைத் தாண்டினார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் 10.9 மாதத்தை. நடுவில் இருப்பது நான்கு மாதம், அதுவும் முழுசாக இல்லை.

அதைப் போட்டால் கட்டுரை சப்பென்று போய்விடும் என்று நினைத்தேன். நோயாளிக்கு அந்த நான்கு மாதம் அற்பமா பெரிதா என்று அவர் சார்பில் நானே தீர்மானித்துவிட்டேன். எந்த உரிமையில்? எலும்புவரை நோய் பரவிய ஒருவருக்கு அது மகள் கல்யாணத்தைப் பார்க்கும் காலமாக இருக்கலாம். அந்த 398 பேரையும் விட்டுவிட்டேன். வெற்று மாத்திரை தங்கள் பங்குக்கு வரலாம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்று சொல்லவே முடிந்திருக்காது.

கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவர் போன் செய்தார். “அப்பாவுக்கு ஹார்மோன் ஊசி கேக்கல சார். இந்த மாத்திரை போட்டா குணமாயிடுமா? நிலம் இருக்கு, வித்துடலாம்” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “நல்ல மருந்துதான், டாக்டரைக் கேளுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் குரலிலிருந்த சந்தோஷத்தைக் கலைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கணக்கைச் சொல்லியிருந்தாலும் அவர் நிலத்தை விற்றிருக்கலாம். அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. பேசுவதற்கு வேண்டிய கணக்கு என் கையில் இருந்தது, நான் கொடுக்கவில்லை.