இரண்டு மணி நேரக் கணக்கு

நிறைமாதக்காரியைப் பார்க்கத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போனால், வயிற்றைத் தொடுவதற்கு முன் நான் அளப்பது வழியை. ரோட்டிலிருந்து அவள் காம்பரா வரை ஏறிப் பார்ப்பேன். எனக்கு இருபது நிமிடம் என்றால் நோட்டில் நாற்பது என்று எழுதுவேன். இருட்டில், மழையில், கம்பளியில் வைத்துத் தூக்கி வரும் நாலு பேருக்கு அவ்வளவு ஆகும்.

பதுளைத் தோட்டங்களில் மருத்துவமாதுவாக நடந்து கற்ற கணக்கு இது. பிள்ளை பிறந்தபின் இரத்தப்பெருக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் தாயின் உயிர் போய்விடலாம். சோகை பிடித்த உடம்புக்கு அந்த அவகாசமும் இல்லை. அதனால் இமையை இழுத்து வெளுப்பைப் பார்க்கிறேன். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. கொழுந்தெடுப்பவளிடம் தேத்தண்ணியே வேண்டாம் என்றால் நடக்குமா? "ஒரு மணி நேரம் தள்ளிக் குடி" என்கிறேன். அது நடக்கிறது.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த ஆண்டுகள் உண்டு. 2010களில் அது 40க்கும் கீழே வந்துவிட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், இலவச வைத்தியமும், வீடு வீடாக நடந்த மருத்துவமாதுகளும் சேர்ந்து இறக்கிய எண் அது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் தோட்டத்து வைத்தியம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே கிடந்தது. அரசின் சேவை இந்த மலைக்குப் பிந்தித்தான் ஏறியது. நாட்டின் சராசரியில் பசறைக்கு மேலே இருக்கும் லயத்தின் ஏற்றம் தெரியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருத்தியின் கிளினிக் அட்டையில் எல்லாம் சரியாக இருந்தது. புருஷன் கொழும்பில் வேலை. இராத்திரி வலி கண்டபோது மூத்த பிள்ளைகளை விட்டுவர ஆளில்லாமல் விடியும்வரை பொறுத்திருந்தாள். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டிருக்கவேயில்லை.

இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன்: "இராத்திரில வலி வந்தா யாரு தூக்குவா? பிள்ளைங்கள யாருகிட்ட விடுவ?"

போன வாரம் ஒரு மாமியார், "வலி வரட்டும் மிஸ்ஸி, பாத்துக்கலாம்" என்றார். நோட்டைக் காட்டி, ரோட்டுக்கு வர ஆகும் நிமிடங்களைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துக் காம்பராவைக் கூப்பிட்டு, பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இடம் கேட்டார்.