ரை நோயும் எங்கள் வீட்டு மருந்துப் பையும்

நாம் வாழும் சிட்னி மாநகரிலே இனங்காணப்பட்டு, உலகெங்கும் அறியப்பட்ட நோய் ஒன்று உண்டு. கம்பர்டவுனில் அந்நாளில் இயங்கிய சிறுவர் மருத்துவமனையில் டக்ளஸ் ரை என்னும் நோயியல் அறிஞர் பணியாற்றினார். 1951 தொடக்கம் 1962 வரை அங்கு கொண்டுவரப்பட்ட 21 பிள்ளைகளின் நோய் ஒரே சாயலாய் இருந்ததை அவர் கண்டார். அவர்களுள் 17 பேர் இறந்தனர். மூளை வீங்கியிருந்தது, ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. 1963 இல் அவரும் உடன் பணியாற்றியோரும் 'லான்செட்' இதழில் இதனை எழுதினர். அவர் பெயராலேயே இது ரை நோய் எனப்படுகின்றது.

இன்புளுவென்சாவோ கொப்புளிப்பானோ கண்ட பிள்ளை தேறிவரும் வேளையிலே இது தாக்கும். பெற்றோர் நிம்மதி கொள்ளும் நேரமன்றோ அது! ஓயாத வாந்தி, அளவுகடந்த சோர்வு, காரணமற்ற மூர்க்கம், பிதற்றல், பின்பு வலிப்பு, நினைவிழப்பு என்று ஓரிரு நாளிலேயே நிலைமை முற்றிவிடலாம். உயிரணுக்களுக்குச் சக்தி தரும் இழைமணிகள் பழுதுறுவதால் ஈரல் தன் பணியில் தவறுகின்றது, அமோனியா குருதியில் பெருகுகின்றது, மூளை வீங்குகின்றது. ஈரல் நோயாயினும் கண் மஞ்சளாவது அரிது. ஆகவே வெறும் வயிற்றுக் கோளாறு என்று எண்ணிவிட இடமுண்டு.

எங்கள் வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மம்மாவின் மருந்துப் பையில் டிஸ்பிரின் அட்டை ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்கு இது கூடாது என்றோம். "உங்களை எல்லாம் இதைக் கரைச்சுத் தந்துதானே வளர்த்தனான்?" என்றார். நியாயமான கேள்விதான். அப்படி வளர்ந்த பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோரிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று கேட்டபோது, அஸ்பிரின் என்னும் விடையே பெரிதும் வந்தது. டிஸ்பிரினும் அஸ்பிரினே. அங்கு 1980 இல் 555 பேருக்கு இந்நோய் பதிவாகியது. எச்சரிக்கைகள் பரவியபின், 1987 முதல் 1997 வரை எந்த ஆண்டிலும் 36 பேருக்கு மேல் பதிவாகவில்லை. புதுமருந்து ஒன்றைக் கண்டுபிடித்ததால் அன்று, பழைய மருந்து ஒன்றைக் கொடாது விட்டதால் கிடைத்த பயன் இது. அம்மம்மாவுக்கு இக்கணக்கே போதுமாயிருந்தது.

நோயை முறிக்கும் தனி மருந்து இன்றும் இல்லை. குருதியில் அமோனியாவையும் வெல்லத்தையும் ஈரல் நொதியங்களையும் அளந்து பார்ப்பர். தீவிர சிகிச்சைப் பிரிவில் குளுக்கோசு ஏற்றி, மூளை வீக்கத்தைத் தணித்து, வேண்டின் செயற்கைச் சுவாசமும் அளித்துக் காப்பர். பிறவியிலேயே உள்ள சில வளர்சிதைமாற்றக் குறைபாடுகள் இதே கோலத்தில் வருவதால் அவற்றையும் தேடுவர். விரைந்து சென்றோர்க்கே வாய்ப்பு அதிகம்.

மாணவச் செல்வங்களே, பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்க, தம்பி தங்கையரைப் பேரன் பேர்த்தியார் பார்க்கும் வீடுகள் நம்மிடையே பல. என்ன குளிசை, எப்போது, எத்தனை என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்பார். விடை தெரிந்தவர் தமிழில் மட்டுமே சொல்லக்கூடும். இடையில் நிற்பவர் நீங்களாக இருக்கலாம். குளிசை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கவசாக்கி நோய் போன்ற சிலவற்றுக்கு மருத்துவரே பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுப்பதுண்டு. அதனை அவரைக் கேளாமல் நிறுத்துதல் ஆகாது.