ஓடிப்போனவன்

குற்றம் செய்தவனைப் பற்றிப் பேச்செழுந்தால் நம்மவர் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகின்றனர். அவன் புத்தி கெட்டது என்பர் ஒருசாரார். சமுதாயம் அவனைக் கெடுத்தது என்பர் மறுசாரார். நான் மறுசாராரைச் சேர்ந்தவன். ஆயினும், நம் தோழர் சிலர் ‘சமுதாய அமைப்பு’ என்று சொல்லும்போது, பழைய ஊழ்தான் வேடம் மாறி வந்து நிற்கிறதோ என்ற ஐயம் எழுவதுண்டு. கோவலனை ஊழ் கொன்றது. இவனை அமைப்புக் கெடுத்தது. இரண்டு கூற்றிலும் மனிதன் வெறும் சருகு.

மலையகத் தோட்டங்களின் பழைய வரலாற்றைப் பார்ப்போம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளி. மூன்று மாதம் வரை மறியல் கிடைக்கும். அவன் களவெடுக்கவில்லை, எவரையும் அடிக்கவில்லை. நடந்து போனான், அவ்வளவே.

முறைப்படி அறிவித்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த வழிச்செலவே அவன் பேரில் முதற் கடனாக எழுதப்பட்டிருந்தது. அதன்மேல் அரிசிக் கணக்கு ஏறியது. கங்காணியின் பேரேட்டை வாசிக்க அவனுக்கு எழுத்துத் தெரியாது. வேறு தோட்டத்துக்கு மாறுவதற்கோ ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று எழுதிய கடதாசி அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்தது. ஆள் கைமாறினான், கடனும் அவனோடு போயிற்று.

இதனை அமைப்பு என்னாமல் வேறென்ன என்பது? ஆனால் அதே கடனோடு அதே லயத்தில் இருந்த எல்லாரும் ஓடவில்லை. ஒருவன் பிள்ளையைத் தோளிலே போட்டுக்கொண்டு இரவோடிரவாக இறங்கினான். அடுத்த காம்பிராக்காரன் படுத்திருந்தான். பிடிபட்டால் நேர்வது யாதென்று ஓடியவனுக்குத் தெரியும். அவன் தெரிவை மறுப்பவர் அவன் துணிவையும் மறுக்கின்றனர். அமைப்புச் செய்தது வேறு. அவன்முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்து, மிஞ்சிய ஒன்றுக்குக் குற்றமென்று பெயரிட்டது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இதனை எதிர்த்து இயங்கினர். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. சிறைத்தண்டனை விதிகளும் அக்காலப் பகுதியிலேயே நீங்கின. பின்னர் அதே பாதையில் நடந்தவன் குற்றவாளி அல்லன். இடையிலே அவன் புத்தி திருந்திவிட்டதா, என்ன?

கத்திக்குத்தையும் இப்படிச் சட்டத்திலிருந்து அடித்துவிடலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. குத்தியவனை விட்டுவிடுமாறு நான் சொல்லவில்லை. அவனுக்கு வேறு எவ்வழி திறந்திருந்தது என்பதையும் விசாரியுங்கள் என்கிறேன். தண்டப்பணம் கட்ட வகையின்றி மறியலுக்குப் போவோர் இந்நாட்டில் இன்றும் உளர். அதே குற்றத்துக்குக் காசுள்ளவன் அன்றே கட்டிவிட்டு வீடு திரும்புகிறான்.